கேள்விக்கார அக்கா

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் ஊர்க்கதை பேசுவது பீலிக்கரையில்தான். மலையிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீர் அங்கே ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் எதையும் சொல்லவேண்டும். அப்படிக் கத்திக்கொண்டிருப்பவர்கள்கூட, எங்கள் வீட்டை ஒட்டிய காம்பராவில் இருக்கும் அக்கா வாளியோடு இறங்கி வருவதைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு துணி பிழிவதில் மும்முரமாகிவிடுவார்கள். கல்யாணமாகிப் புதிதாக வந்தவர்கள் பாதித் துணியோடு எழுந்தே போய்விடுவார்கள். அக்கா திருடுகிறவள் இல்லை, கோள் மூட்டுகிறவள் இல்லை, யாரோடும் வலியச் சண்டைக்குப் போனவளும் இல்லை. கேள்வி கேட்பாள், அவ்வளவுதான்.

அதுவும் கண்டதையும் கேட்கமாட்டாள். யார் வீட்டுக்காரர் எங்கே குடித்துவிட்டு விழுந்தார், யார் மகள் யாரோடு போனில் பேசுகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தேவையில்லாத விஷயம். அவள் கேட்பது ஒன்றே ஒன்று. “இந்த மாசம் தலைக்கு ஊத்திட்டியா?”

மாதவிலக்கு வந்து போனதா என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் தாய் மகளிடம் கேட்பாள், மாமியார் மருமகளிடம் கேட்பாள், அதையும் அடுப்படியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அக்கா கொழுந்து எடுக்கும் மலையில் நின்றுகொண்டு, நாலு நிரை தள்ளி நிற்கிறவளைப் பார்த்து, கங்காணி காதில் விழும்படி கேட்பாள். கங்காணி தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். கேள்விக்காரி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான்.

கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டாள். நகத்தைப் பார்ப்பாள், உதட்டைப் பார்ப்பாள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பாள். ஆடு வாங்க வந்தவன் ஆட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கும். “ரத்தமே இல்ல. கீரை திங்கிறியா, இல்ல மூணு வேளையும் ரொட்டியும் சம்பலும்தானா?” என்பாள். பதில் சொல்லாவிட்டாலும் போகமாட்டாள். பக்கத்திலேயே நிற்பாள்.

நான் கினிகத்தேனைப் பெண். அப்பா அங்கே கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தார். உயர்தரம் வரை படித்துவிட்டு, கல்யாணமாகி டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் வேலை. அத்தைக்கு முதுகு முடியாமல் போனதால் அவர் இடத்தில் நான் மலைக்குப் போகவேண்டி வந்தது. படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். வந்த மாதமே அக்கா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குக் காது வரை சூடேறிவிட்டது.

“ஒங்களுக்கு எதுக்குக்கா அதெல்லாம்?” என்றேன்.

“எனக்கு எதுக்கு? ஒனக்குத்தான். நாளக் கணக்கு வச்சிக்க. தள்ளிப்போனா ரெண்டே நாள்ல எங்கிட்ட சொல்லு.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி நானே கேப்பேன்.”

அவள் சொன்னபடியே ஒவ்வொரு மாதமும் கேட்டாள். நான் ஒவ்வொரு மாதமும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம் போய், அடுத்த வருஷமும் பாதி போய், வயிற்றில் ஒன்றும் தங்காமல் இருந்த எனக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். அவளைக் கண்டாலே எரிச்சலாக வரும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை உண்டாகியிருப்பதை மூன்று மாதம் நிறையும் வரை வெளியே சொல்லக்கூடாது. கண் படும், வாய் படும் என்பார்கள். புருஷனுக்கும் மாமியாருக்கும் மட்டும் தெரியும். சில வீடுகளில் மாமியாருக்கும் தெரியாது. வெளியே சொல்லாததால் மற்றப் பெண்களைப் போலவே அவளும் மலையேறவேண்டும். கொழுந்து நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமக்கவேண்டும். பிரம்புக் கூடை போய் நைலான் பை வந்துவிட்டாலும் எங்கள் வாயில் அது கூடைதான். புல்லுக்கு மருந்தடித்த ஈரம் காயாத மலை என்றாலும் போகத்தான் வேண்டும். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

அக்காவுக்கு இந்த வழக்கத்தின் மேல்தான் கோபம். “நாலாம் மாசம் சொல்லுறதுக்கு நீ எதுக்கு? வயிறே சொல்லிரும். மொத மூணு மாசத்துலதான் எல்லாக் கூத்தும் நடக்கும். அப்பதான் வாய மூடிக்கிட்டு இருப்பாளுக” என்பாள்.

அந்த மூன்று மாதத்தின் கூத்துகள் அவளுக்கு அத்துப்படி. மேல் லயத்துப் பெண் ஒருத்தி ஃபாக்டரிப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள். பிறந்ததிலிருந்து முகர்ந்த தேயிலை வாசம் அவளுக்குத் திடீரென்று குமட்டியது. யாரும் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள். “மூக்குதான்டி மொதல்ல சொல்லும், அப்புறம்தான் வயிறு” என்று சொல்லி, டவுன் ஃபார்மசியிலிருந்து பரிசோதனை அட்டை வாங்கிவரச் செய்து, விடிந்ததும் முதல் சிறுநீரில் பார்க்கச் சொன்னாள். இரண்டு கோடு விழுந்ததைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. அவள் இன்னும் அறிவிக்கவே தயாராகவில்லை. அதற்குள் அக்கா அவளை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் மருத்துவமாதிடம் பேர் பதிந்துவிட்டாள்.

வாந்தி எடுக்கிறவளிடம், படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே ஒரு காய்ந்த பிஸ்கட்டைக் கடித்துத் தின்னச் சொல்வாள். “எந்திரிச்சிட்டுத் தின்னா நிக்காது, படுத்துக்கிட்டே தின்னு. ஒரு வாய் தண்ணிகூட தங்கலன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், அது மசக்கைன்னு வீட்ல கெடக்கக்கூடாது.” மிஸ்ஸி கொடுத்த ஃபோலிக் மாத்திரையை டப்பாவோடு கூரையில் செருகி வைத்தவள் வீட்டுக்கு அவளே போய் எடுத்துக் கொடுத்து, முன்னால் நின்று விழுங்க வைப்பாள். தலைவலிக்கோ வயிற்றெரிச்சலுக்கோ டவுனில் மருந்து வாங்கினால், வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் மருந்தைக் கேட்கச் சொல்வாள். மலையில் ஒதுங்க இடம் கிடையாது; அதனால் பெண்கள் பொழுது சாயும் வரை தண்ணீரே குடிக்கமாட்டார்கள். பிள்ளை உண்டானால் அடிக்கடி போகவேண்டி வருமே என்று இன்னும் குறைப்பார்கள். அக்கா செடி கிழிக்காமல் இருக்கத் தன் இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்த்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “குடி, நல்லாக் குடி. நான் இருக்கேன்ல, ஒரு பய திரும்பிப் பாக்கமாட்டான்.” உண்மைதான், அவள் நிற்கும் திசைக்கே ஆண்கள் வரமாட்டார்கள்.

இவ்வளவும் செய்தவளை எங்களுக்குப் பிடித்திருக்கவேண்டும். பிடிக்கவில்லை. செய்கிற உதவியையே வசவு மாதிரிச் செய்வாள். இன்னொன்று, ஊரார் வயிற்றையெல்லாம் விசாரிக்கிறவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளுக்கு ஒரே மகள், அப்போது நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ஒரு தங்கை இருந்து, கல்யாணமான புதிதில் செத்துப்போனாள் என்பது மட்டும் லயத்துக்குத் தெரியும். எப்படி என்று கேட்டால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

கடைசிக் காம்பராவுக்கு ஒரு மருமகள் வந்தாள். பூஞ்சையான பெண். மலையில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைத்தாள். அக்கா இந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தாள். “என்னா புள்ள, எத்தன நாள் தள்ளிப்போயிருக்கு?” எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டாள். அழுத அழுகையிலேயே விஷயம் ஊருக்குத் தெரிந்துபோனது.

கொஞ்ச நாளில் அவளுக்குக் கரு கலைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் மாமியார் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். “மூணு மாசம் முடியட்டும்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே. நீ வாய வச்சிக் கலைச்சிப்புட்டியே, நீ நல்லா இருப்பியா!” என்று மண்ணை வாரித் தூற்றினாள். லயமே கூடிவிட்டது. யாரும் அக்கா பக்கம் பேசவில்லை. நானும் பேசவில்லை. வாய் பட்டதால்தான் கலைந்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் யாராவது அவள் வாயை அடைத்தால் தேவலை என்று எனக்கும் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவர். அதிர்ந்து பேசாத மனுஷன். அவர் உள்ளே போய் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எல்லோருக்கும் நடுவில் நிறுத்தினார்.

“இனிமே எந்தப் பொம்பளகிட்டயும் இதக் கேக்கமாட்டேன்னு புள்ள தலைல அடிச்சி சத்தியம் பண்ணு” என்றார்.

“அவள எதுக்குங்க இழுக்குறீங்க? நான் வேணும்னா கோயில்ல கற்பூரம் அடிச்சி அணைக்கிறேன்.”

“சாமிய நீ ஏமாத்திருவ. புள்ளய ஏமாத்தமாட்ட.”

அக்கா கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றாள். கடைசியில் மகள் தலையில் கையை வைத்தாள். எதற்கென்று தெரியாமல் அந்தப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. எங்கள் லயத்தில் கோர்ட்டில் பொய் சொன்னவர்கள் இருக்கிறார்கள், கோயிலில் பொய் சொன்னவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினவர் இல்லை. மீறினால் அந்தப் பிள்ளையைத்தான் அது கொண்டுபோகும் என்பது எங்கள் நம்பிக்கை. அக்காவுக்கும் அதே நம்பிக்கைதான்.

அடுத்த முறை மிஸ்ஸி லயத்துக்கு வந்தபோது விஷயம் கேள்விப்பட்டாள். கொத்மலைப் பக்கத்துச் சிங்களப் பெண். வேலைக்கு வந்து பழகிய தமிழ் பேசுவாள். பீலிக்கரையில் நின்றுகொண்டு எங்களைப் பிடி பிடியென்று பிடித்தாள். “கேட்டா பபா கலையிறது இல்ல. ஆரம்பத்துல சில பேருக்கு நிக்காது. அது அம்மா செஞ்ச பிழை இல்ல, யாரும் செஞ்ச பிழை இல்ல. இந்த அக்கா கேட்டதாலதான் இந்தத் தோட்டத்துல மட்டும் நேரத்தோட பேர் பதிய வர்றாங்க. தெரியுமா ஒங்களுக்கு?” எல்லோரும் தலையாட்டினார்கள். மிஸ்ஸியின் ஸ்கூட்டர் வளைவைத் தாண்டியதும், அவங்களுக்கு என்ன தெரியும் நம்ம வழக்கம் என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்தார்கள்.

அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். முதலில் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. போகப் போக அது நிம்மதியாக இல்லை. அவள் துணி துவைக்கும்போது யாரையாவது பார்த்து வாய் திறக்கும். உடனே சேலை முனையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்வாள். மலையில் எவளாவது தலைசுற்றி உட்கார்ந்தால் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் நிரைக்குத் திரும்பிவிடுவாள். அந்த நாட்களில் ஒருத்தி வயிறு மேடிட்டு வெளியே தெரிந்த பிறகுதான் கிளினிக்குக்கே போனாள். அதுவரை வாய்வு என்று சொல்லி எதை எதையோ வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள். முன்பென்றால் அக்கா அவளை விட்டிருக்கமாட்டாள். இதை நாங்கள் எல்லோரும் நினைத்தோம், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எனக்கு நாள் தள்ளிப்போனது.

நான் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. முன்பும் இரண்டு தடவை தள்ளிப்போய் ஆசையைக் கிளப்பிவிட்டு வந்திருந்தது. இந்தத் தடவை உறுதியாகத் தெரியட்டும் என்று இருந்தேன். பிறகு ஒரு நாள் மலையில் இருக்கும்போது லேசாக ரத்தம் பட்டது. வழக்கமான அளவு இல்லை, வழக்கமான நிறமும் இல்லை. ஆனாலும் வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். அன்று பீலிக்கரையில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். அடிவயிற்றில் இடது பக்கமாக ஒரு வலி இருந்தது. சரிவில் கால் வழுக்கியது நினைவுக்கு வர, அதுதான் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு தோள் வலித்தது. தோளின் உச்சியில், எலும்பு முடிகிற இடத்தில் ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள எங்களில் யாருக்கும் தோன்றாது. கூடை போடுகிறவளுக்குக் கழுத்தும் தோளும் வலிக்காத நாள் உண்டா? எங்கள் லயத்தில் தோள் வலி என்று ஒருத்தி சொன்னால், எனக்கும்தான் என்று நாலு பேர் சொல்வார்கள். அத்தையிடம் சொன்னேன். “நேத்து கொழுந்து கூடுதல், அதான்” என்றார்.

அது ஞாயிற்றுக்கிழமை. வேலை கிடையாது. வீட்டுக்காரர் நண்பரோடு தலவாக்கலைக்குப் போயிருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் மகள் ஸ்கூலுக்குக் காலில் போடச் சப்பாத்து வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு அட்டனுக்கு பஸ் ஏறியிருந்தார். நான் பீலிக்கரையில் துணியை ஊறப்போட்டுவிட்டு, துவைக்க முடியாமல் கல்லில் உட்கார்ந்திருந்தேன். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து தோளை உருவ ஆரம்பித்தார். அக்கா எதிரே தன் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

அத்தை அழுத்திய ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா அலசுவதை நிறுத்திவிட்டாள். என் உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். சேலை முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பிறகு பஸ் போகும் ரோட்டைப் பார்த்தாள். அவள் கண் என்னிடமும் ரோட்டிடமுமாகப் போய் வந்துகொண்டிருந்ததை நான் இன்று வரை மறக்கவில்லை.

“போதும், தேய்க்காதீங்க!” என்று திடீரென்று கத்தினாள்.

அத்தை கையை எடுத்துவிட்டார். அக்கா என் முன்னால் வந்து குந்தினாள்.

“நேத்து கூடை போட்ட, வலிச்சிச்சு. சரி. இன்னைக்குக் கூடை போடலயே. இன்னைக்கு ஏன் கூடுதலா வலிக்குது?”

எனக்கு அப்படி யோசிக்கத் தோன்றியதே இல்லை.

“நாள் தள்ளிப்போச்சா?”

“ஏய்!” என்றார் அத்தை. “புள்ள தலைல அடிச்சத மறந்துட்டியா?”

“மறக்கலீங்க” என்றாள் அக்கா. “எம்மக இப்ப பஸ்ல இருக்கா. அது தெரிஞ்சிதான் கேக்குறேன். சொல்லு புள்ள, தள்ளிப்போச்சா?”

“தள்ளிப்போயி... அப்புறம் வந்திருச்சுக்கா.”

“எப்பவும் மாதிரியா?”

“இல்ல. கொஞ்சமா. கறுப்பா.”

“வயிறு ஒரு பக்கமா வலிக்குதா? படுத்தா தோள் வலி கூடுதா?”

ஆமாம் என்று சொல்ல எழுந்தேன். எழுந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது த்ரீவீலரின் கூரைதான். அக்கா மடியில் என் தலை இருந்தது. அத்தை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் வயிறு அலறியது. மயங்கிவிடக்கூடாது என்பதற்காக அக்கா என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே பேசினாள். தன் தங்கையைப் பற்றி அவள் பேசியது அப்போதுதான்.

“அவளுக்கும் தோள்தான் வலிச்சிச்சு. என்னைப் பாக்க வந்த எடத்துல அக்கா தோள் வலிக்குதுன்னா. கூடை போட்ட வலிதான்னு நானே எண்ண போட்டு உருவி விட்டேன். சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தேன். தூங்கு, விடிஞ்சா சரியாப் போயிரும்னு போத்தி விட்டேன். எங்கையாலதான் எல்லாம் செஞ்சேன். விடிஞ்சிச்சு, அவ எந்திரிக்கல. புள்ள கர்ப்பப்பையில தங்காம கொழாயில தங்கி, அது வெடிச்சி, ரத்தமெல்லாம் உள்ளுக்குள்ள போயிருச்சுன்னு டொக்டர் சொன்னாரு. வயித்துல ரத்தம் நெறஞ்சா அது தோள்ல வலிக்குமாம். எனக்கு என்னா தெரியும்? அவ முழுகாம இருந்ததே அவளுக்குத் தெரியாது. ஒருத்தி, ஒரே ஒருத்தி, நாள் தள்ளிப்போச்சாடின்னு அவகிட்ட கேட்டிருந்தா...”

கன்னத்தைத் தட்டுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் அத்தை நர்ஸிடம் “தோள் வலிங்க, மயக்கம் போட்டிருச்சு” என்று ஆரம்பித்தார். அக்கா அவரைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள். நாள் தள்ளிப்போனது, கொஞ்சமாகப் பட்டது, ஒரு பக்க வலி, மயக்கம், எல்லாவற்றையும் தமிழிலும் அரைகுறைச் சிங்களத்திலுமாக ஒரே மூச்சில் கொட்டினாள். அந்த நர்ஸ் ஒரு நொடி வீணாக்கவில்லை. கையில் சேலைன் ஏற்றியபடியே ஆம்புலன்ஸில் போட்டு டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கதவை மூடும் முன் அக்காவும் ஏறிக்கொண்டாள். இறங்கச் சொன்னார்கள், அவள் இறங்கவில்லை.

கண் விழித்தபோது வார்டு ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. வயிற்றில் கட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு குழாயை எடுத்துவிட்டதாகவும், இன்னொன்று நன்றாக இருப்பதால் பிறகு பிள்ளை உண்டாகலாம் என்றும், அடுத்த முறை நாள் தள்ளிப்போன உடனே வந்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றும் டொக்டர் சொன்னார். இன்னும் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் என் முதல் பிள்ளை போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. வயிற்று வலியில் அழக்கூட முடியவில்லை.

அக்கா கட்டில் ஓரத்தில் நின்றாள். பீலிக்கரையில் நனைந்த சேலையையே இன்னும் கட்டியிருந்தாள். கையில் தன் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் முகம் செத்த முகமாக இருந்தது.

“அவருக்கு மூணு தடவ அடிச்சேன், எடுக்குறாரில்ல” என்றாள். “அட்டன் பஸ் எப்பவோ வந்திருக்கணும்.”

“சிக்னல் இருக்காதுக்கா, வளைவுல.”

“ஆமா. வளைவுலதான் பஸ் வரும்.”

நாங்கள் இருவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் வயிற்று வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் பிழைத்ததற்கு என்ன அர்த்தம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உயர்தரம் படித்தவள், சத்தியத்தையும் சாபத்தையும் நம்பாதவள் என்று நினைத்திருந்த நான், அந்தப் பழைய போன் அடிக்கவேண்டும் என்று ஊரில் உள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

போன் அடித்தது. அக்கா அதைக் காதில் வைக்கப் பயந்து என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக் காதில் வைத்தேன். “அம்மா, சப்பாத்து வாங்கியாச்சு, கறுப்பு” என்றது பிள்ளை. நான் போனை அக்காவின் காதில் வைத்தேன். அந்தப் பிள்ளை சப்பாத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வரை அவள் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். “இன்னைக்கு வந்துட்டா” என்றாள். “நாளைக்கும் ஸ்கூலுக்குப் போவா. நான் சத்தியத்த ஒனக்காக மீறிட்டேன், அது எப்ப கேட்டு வரும்னு எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி கும்புட்டா பத்தாது புள்ள. எம்மகளுக்காக நீயும் கும்புடு.”

அதற்குப் பிறகு சில வருஷங்களில் அவர்கள் தோட்டத்தை விட்டுக் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள், தொடர்பு விட்டுப்போனது. எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிடும்போது முதலில் அக்கா மகளின் பெயரைச் சொல்கிறேன். அப்புறம்தான் என் பிள்ளைகளின் பெயர்கள்.